அழுகிற பூதமும் ஆரம்பித்து வைப்பவரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் ஓடக்காரன் ஒருவனை ஒரே அமுக்கில் தீர்த்துவிட்டார்கள் என்று சூலூர்பேட்டை வண்டியில் எனக்குச் செய்தி வந்தது. சொன்னவருக்கு மீஞ்சூரில் இறங்கும் அவசரம். கொன்றவன் பழவேற்காட்டு ஆள், கும்மிடிப்பூண்டி பஜாரில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன், மூன்று பேர் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறார்கள், வீட்டுக்காரம்மா கண்ணால் பார்த்த சாட்சி என்பது வரைக்கும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பொன்னேரி வருவதற்குள் அதே பெட்டியில் செத்தவர்கள் இருவர் ஆகிவிட்டார்கள். இன்னும் யாரும் சாவதற்குள் சரிபார்த்துவிடலாம் என்று நானும் கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன்.

போலீஸ் இல்லை. பிணம் இல்லை. ஒரு பழைய டிவி. அதன் கீழே பர்மா பஜாரில் வாங்கிய, டிவியை விடப் பழைய ஒரு வீடியோ கேம் பெட்டி. செத்தவன் அதற்குள் இருந்தவன். ஆனால் கொலைகாரர் நிஜம். அவரை உங்களுக்கும் தெரியும்.

ஆரம்பித்து வைப்பவர் என்பது இனத்தின் பெயர். நீங்கள் எதையாவது புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வாயைத் திறந்தால் போதும், மழைக்குப் பிறகு ஈசல் மாதிரி எங்கிருந்தோ வந்துவிடுவார். நீச்சலா? முதலில் மூச்சு. கேமராவா? முதலில் வெளிச்சம். 'இத நேரா தொடக் கூடாது' என்பது அவருடைய வணக்கம். 'மொதல்லேர்ந்து வரணும்' என்பது அவருடைய வேதம். எந்த விஷயத்துக்கும் முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது, அந்த முன்னாலுக்கும் ஒரு முன்னால் இருக்கிறது, அப்படியே பின்னுக்குப் பின்னாக உங்களை நடத்திக்கொண்டு போய், நீங்கள் பிறந்த இடத்திலேயே தப்பாக ஆரம்பித்துவிட்டீர்கள் என்பதை நிரூபித்து, ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் விடுவார். நீங்கள் ஆரம்பித்தீர்களா? அதெல்லாம் அவர் கேட்கமாட்டார்.

இந்த இனத்தின் கும்மிடிப்பூண்டிப் பிரதிநிதி, அந்த ரீசார்ஜ் கடைக்காரர் தமீம் அன்சாரி. அவருடைய துறை, நாமே ஒரு பாத்திரமாகி ஊர் ஊராகத் திரிகிற ரோல்-பிளே ஆட்டங்கள். வாள், டிராகன், இளவரசி என்று நாலு பேர் ஆடுவதெல்லாம் அவருக்கு ஆகாது. பழசாக இருக்க வேண்டும், விற்காமல் போயிருக்க வேண்டும், தலைகீழாக இருக்க வேண்டும். ஜெயிக்க ஜெயிக்கப் பலம் குறைகிற வீரன், படைக்குப் பின்னால் போய்த் துணி துவைக்கிறவன் என்று அவர் வாயில் வருகிற நாயகர்களைக் கேட்டால் நமக்கே ஒரு வாள் வாங்கத் தோன்றும்.

அந்த அறைக்கு ஓடக்காரன் கேசட்டைக் கொடுத்ததும் அவர்தான். அதில் நீங்கள் ஓர் ஓடக்காரன். கரைக்கு வருகிற பூதங்களை ஏற்றி அக்கரையில் விட வேண்டும். சண்டை கிடையாது. வேகமாகத் துடுப்புப் போட்டால் பூதம் வாயை மூடிக்கொள்ளும். மெதுவாகப் போட்டால் தன் கதையைச் சொல்லும். அக்கரையில் இறங்கும்போதுதான் முழுக் காரணமும் வெளிவரும். கேசட்டுக்குள் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. அதில் ஒரே ஒரு பயணத்தைத்தான் சேமித்து வைக்கலாம்.

அறையில் மூன்று பேர். தேசப்பன், மோசஸ், அருண்பாண்டியன். மூவரும் ஒரே கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்டு. ஒருவன் வரும்போது ஒருவன் போவான், மூன்றாமவன் குறட்டை விடுவான். மூன்று பேரும் சேர்ந்து விழித்திருந்ததைக் கொலைக்கு முன்னால் பார்த்ததே இல்லை என்கிறார் வீட்டுக்காரம்மா. ஆகவே ஓடக்காரனையும் ஷிப்டு போட்டே ஓட்டினார்கள். கம்பெனியில் மெஷினை ஒப்படைப்பது போலவே இங்கேயும் வாசற்படியில், ஒருவன் ஷூவைக் கழற்ற, ஒருவன் மாட்ட, ஒப்படைப்பு நடக்கும்.

"நரிபூதத்த எறக்கிட்டேன். அழுவுறத ஏத்திக்கினேன். மெதுவா போடு, இப்பத்தான் வாயத் தொறக்குது."

பொங்கலுக்கு ஏறிய ஓடத்தை இப்படியே ஆடி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். ஊர்க்கதை, வீட்டுக்கதை எதுவும் அவர்களுக்குள் கிடையாது, நேரமும் கிடையாது. ஒருவனைப் பற்றி மற்றவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் துடுப்புப் போடுகிற தினுசுதான்.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரம்மா அங்காளம்மாள் உள்ளே வருகிறார். கரண்டு பில் எகிறியதற்கு அந்தப் பெட்டிதான் காரணம் என்று முடிவு கட்டி, அதைத் தூக்கி வெளியே வைக்கத்தான் வந்தார். வந்தவர் கண்ணில் ஓடத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பூதம் பட்டது. கை ஒயரில் இருந்தது, கண் டிவியில் இருந்தது.

"இன்னாத்துக்குடா அழுவுது அது?"

தெரியாது என்றார் அப்போது ஆடிக்கொண்டிருந்த மோசஸ். அக்கரை போனால்தான் சொல்லும், இன்னும் ஒரு வளைவுதான் பாக்கி. அங்காளம்மாள் ஒயரை விட்டார். நானே தள்ளுறேன், எப்படின்னு காட்டு என்று தரையில் உட்கார்ந்தார். கரண்டு பில் அத்தோடு சமாதானமாகிவிட்டது.

மோசஸ் பட்டனைக் காட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஒரே ஒரு பட்டன். ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தமீம் அன்சாரி பிரியாணிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றிருந்தார். புதிய ஆள் ஒருத்தர் ஆரம்பிக்கப் போகிறார் என்று கேட்டதும் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டார்.

இனத்தின் சடங்குகளை அங்காளம்மாள் எனக்கு வரிசையாகச் சொன்னார். முதலில் தமீம் ஆட்ட ரிமோட்டை வாங்கிக்கொண்டார்: "ஒரு நிமிஷம் குடுங்க அக்கா, செட் பண்ணித் தரேன்." அந்த ஒரு நிமிஷத்தில் நாஷ்டா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரலாமாம். பிறகு, இந்த ஆட்டத்தைச் செய்தவர் ஏன் பைத்தியம் என்று அழைக்கப்பட்டார் என்பது. பிறகு, சத்தத்தை எவ்வளவு வைக்க வேண்டும் என்பது. எல்லாம் முடிந்து, பாதி ஆற்றில் ஏறக் கூடாது, அக்கரை தெரியாதவர்தான் இக்கரையில் நின்று ஏற வேண்டும் என்று சொல்லி, புதிய பயணம் என்ற பட்டனுக்குப் போனார்.

பழைய பயணம் அழிந்துவிடும், சம்மதமா என்று பெட்டியே கேட்டது. பெட்டிக்கு இருந்த அறிவு அது. ஒருமுறை அல்ல, இரண்டாவது தடவையும் கேட்டது.

"பாய், அது எங்களுது" என்றார் மோசஸ்.

"பழசு இருந்தா அக்காவுக்குக் கொழப்பம்பா" என்றார் தமீம். அமுக்கினார்.

இக்கரை வந்தது. கரையில் யாரும் இல்லை. புது ஓடக்காரன் வெறும் ஓடத்தோடு நின்றான். ஆரம்பித்து வைத்த பெருமையில் தமீம் டிவியைப் பார்க்காமல் அங்காளம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இப்ப பாருங்க, இப்ப பாருங்க என்றாராம்.

"பாத்துட்டேன். அழுதுக்கினு இருந்தது எங்க நைனா?"

மோசஸ் மற்ற இருவருக்கும் போன் போட்டார். தேசப்பன் அப்போது ரயிலில் இருந்தார். ஓடக்காரன் போய்ட்டானா, யார் தீத்தது என்று அவர் கத்தியதைத்தான் ரயில் பெட்டியே கேட்டு, மீஞ்சூர் வரைக்கும் கொலையாக்கிவிட்டது. மறுநாள் மூவரும் லீவு போட்டார்கள். முதல் முறையாக மூன்று பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து, ஒரே டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேசுவதற்கு என்ன இருக்கிறது? ஒப்படைக்க எதுவும் இல்லை.

நான் பஜாருக்குப் போய்த் தமீமைப் பார்த்தேன். மனிதர் நல்லவர். கேசட் கொடுக்கிறவர், பிரியாணி கொண்டுவருகிறவர். அந்தம்மாவுக்காவது காரணத்தைச் சொல்லிவிடுங்களேன், பூதம் ஏன் அழுதது என்றேன். சொன்னால் புரியாது, மொதல்லேர்ந்து வரணும் என்றார். சரி, நீங்கள் அக்கரை போனபோது என்ன சொன்னது என்றேன். ரீசார்ஜ் அட்டைகளை எடுத்து அடுக்கினார். கலைத்தார். மறுபடி அடுக்கினார்.

"நா இன்னும் ஆரம்பிக்கல சார். அதத் தொடணும்னா அதுக்கு முன்னாடி ரெண்டு ஆட்டம் இருக்குது. தேடிக்கினு இருக்கேன்."

அவ்வளவுதான். தன் வாழ்நாளில் ஒரு பூதத்தைக்கூட அக்கரை சேர்க்காத மனிதர். எல்லோரையும் இக்கரையில் நிறுத்தி வைப்பதிலேயே அவருக்குக் காலம் சரியாக இருந்திருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். மைத்துனனுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சாவியை எத்தனை நேரம் உங்கள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தீர்கள்? ஒரு நிமிஷம் குடு, செட் பண்ணித் தரேன் என்று கடைசியாக யார் கையிலிருந்து எதைப் பிடுங்கினீர்கள்? சரி, அதை விடுங்கள். இந்தக் கட்டுரையை ரயிலில் ஆரம்பித்திருக்கக் கூடாது, அறையில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும் என்று நடுவில் ஓர் இடத்தில் உங்களுக்குத் தோன்றியது அல்லவா? அப்படியானால் தமீமுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாக இருக்கிறது.

அறையில் இப்போது நாலு ஷிப்டு. நாலாவது அங்காளம்மாள், சமையல் முடிந்த பிறகு. துடுப்பை மெதுவாகத்தான் போடுகிறார். நரிபூதம் வந்துவிட்டது, அழுகிறது இன்னும் கரைக்கே வரவில்லை. தமீம் ஞாயிறு தவறாமல் பிரியாணியோடு வருகிறார். அங்காளம்மாள் பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறார், உள்ளே விடுவதில்லை. வாசற்படியில் நிறுத்தி ஒவ்வொரு வாரமும் அதையே கேட்கிறார்: "அது இன்னாத்துக்கு அழுதுச்சி?" தமீம் அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.