விசாரணை அண்ணை மாப்பிள்ளை பார்த்த படகுத்துறை

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு கல்யாணத்தைக் கடவுள் நினைத்தாலும் நிறுத்த முடியாமல் போகலாம். விசாரணை அண்ணை நினைத்தால் நின்றுவிடும். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய டொக்டருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் விசாரணை அண்ணைதான்.

யாழ்ப்பாணத்தில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையின் வீடு இருக்கும் சின்னத் தெருவுக்கு, அந்த ஒழுங்கைக்கு, யாராவது ஒருவர் போவார். சும்மா கதைப்பதுபோலக் கதைத்து, பையன் குடிக்கிறவனா, கைநீட்டுகிறவனா என்று அறிந்து வருவார். அந்த வழக்கத்தை இந்த மனுசன் ஜெர்மனிக்குக் கொண்டுவந்தார். இங்கே ஒழுங்கை இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பவன் யாரென்று யாருக்கும் தெரியாது. அதெல்லாம் அவருக்கு ஒரு தடையே இல்லை. டோர்ட்முண்டில் ஒரு மாப்பிள்ளையைக் கடைக்குள்ளே பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பெடியன் மாம்பழத்தை மணந்து பாக்காமல் வாங்கிறான். இவன் பொம்பிளையை என்னெண்டு பாப்பான்?" என்று கேட்டார். சம்பந்தம் அதோடு முடிந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்த இன்னொரு மாப்பிள்ளையை அறிவதற்கு, தனக்கு இடம் தேடுவதாகச் சொல்லி உள்ளே போனார். அந்தக் கல்யாணம் நடந்தது. ஆனால் அறை காலியாகிவிட்டது, எப்போது வருகிறீர்கள் என்று இல்லத்திலிருந்து அவருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது.

அடுத்தவன் வீட்டில் நடந்தபோது நானும் சிரித்தேன். என் வீட்டுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

என் மகள் அபி பான் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாள். பெயர் நிரோஜன். பாரிஸில் பிறந்த எங்கள் பெடியன். இப்போது பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலோரம், உல்லாசப் படகுகள் கட்டி நிற்கும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறானாம். அந்தப் படகுகளைப் பராமரிப்பதுதான் வேலையாம்.

"படகு கழுவுறவனோ?" என்று கேட்டேன். கம்பித் தொழிற்சாலைச் சத்தத்தில் காது போக உழைத்து அவளைப் படிக்க வைத்தவன் நான். அப்படித்தான் கேட்பேன்.

"கழுவுறதும்தான். ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா. பாத்திட்டு வேண்டாமெண்டால் முகத்துக்கு நேரே சொல்லுங்கோ. ஆனா அந்த விசாரணை மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தீங்களெண்டால், பிறகு நான் உங்களோட கதைக்க மாட்டன்."

சொன்னால் செய்வாள். பிடிவாதம் என்னுடையது.

புறப்படும் காலையில் கார் பக்கத்தில் ஒரு பையோடு அவர் நின்றார். என் மனைவி கோயிலில் யாரிடமோ வாய்விட்டிருக்கிறாள்.

"கதவைத் திற தம்பி."

"அண்ணை, நாங்கள் சும்மா கடல் பாக்கப் போறம்."

"நானும் கடல் பாத்துக் கனகாலம்."

"அங்க ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கக் கூடாது."

"எனக்கென்ன விசரே? வாய் திறக்க மாட்டன்."

சொல்லிக்கொண்டே பின் சீட்டில் ஏறிப் பெல்ட்டையும் போட்டுவிட்டார். நாரி நோவால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மனுசனை நான் எப்படி இழுத்து இறக்குவது?

அபி எங்களுக்கு முன்பே அங்கே போயிருந்தாள். காரிலிருந்து முதலில் இறங்கிய தலையைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. அதன்பிறகு எங்களோடு வந்த தாயோடு மட்டும்தான் கதைத்தாள்.

அப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. பாய்மரங்கள் பனங்காடு மாதிரி நின்றன. காற்றில் கயிறுகள் மரங்களில் அடித்து எந்நேரமும் ஒரு கிணுகிணுப்பு. கரையெல்லாம் அடுக்குமாடிகள், பாதி ஜன்னல்கள் அடைத்துக் கிடந்தன. வாரத்துக்கு வாரம் ஆள் மாறுகிற வாடகை வீடுகள் அவை. விசாரணை அண்ணை மூக்கை விரித்து மணம் பிடித்தார்.

"இவ்வளவு வள்ளம் நிக்குது, ஒரு மீன் மணம் இல்லை. அயலெண்டும் ஒண்டில்லை. இந்த ஊரில ஒருத்தனைப் பற்றி ஆரிட்டக் கேக்கிறது?"

"ஒருத்தரிட்டயும் கேக்கிறேல்லை அண்ணை."

"நான் சும்மா சொன்னனான்."

நிரோஜன் எங்களை அலைதடுப்புச் சுவர்வரை நடத்திக் காட்டினான். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. படகுச் சொந்தக்காரர்களில் பலர் ஜெர்மனியில் இருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க அந்தப் படகுகளுக்கு இவன்தான் காவல். புயல் வந்தால் நடுச்சாமத்திலும் எழும்பிப் போய்க் கயிறு பார்க்க வேண்டும். சாவிகளைத் தொட்டுக்கொண்டு, "நம்பித் தந்திருக்கினம் மாமா. ஒருத்தருக்குச் சந்தேகம் வந்தாலும் எல்லாரும் வாங்கிப்போடுவினம். இங்க தொழில் எண்டால் அவ்வளவுதான்" என்றான். அவனைப் பிடிக்கக் கூடாது என்றுதான் போயிருந்தேன். அந்தச் சுவரில் திரும்பி நடக்கும்போது பாதி பிடித்துவிட்டது. எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் காலை எழும்பிப் பார்த்தால் அண்ணையின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

அந்த மனுசன் அயலைக் கண்டுபிடித்துவிட்டார். படகுகள்தான் அயல். விடுமுறைக்கு வந்திருந்த ஜெர்மன்காரர்கள் தங்கள் படகுகளில் இருந்து காலைக் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, இவர் மரத்தளத்தில் நின்று ஒவ்வொருவரிடமும் தொழிற்சாலையில் பழகிய ஜெர்மன் மொழியில் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். நிரோஜனைத் தெரியுமா? குடிப்பானா? கடன்காரர் தேடி வருவார்களா? உங்கள் படகில் ஏதாவது பொருள் காணாமல் போயிருக்கிறதா?

கடைசிக் கேள்வி போதும். ஒருவர் மற்றவரிடம் சொன்னார். படகுகளைத் திறந்து பொருட்களைத் தேடத் தொடங்கினார்கள். யாரோ துப்பறிகிறவர் வந்திருக்கிறாராம், பையன்மேல் ஏதோ இருக்கிறதாம். மத்தியானத்துக்குள் படகுத்துறை அலுவலகத்திலிருந்து நிரோஜனைக் கூப்பிட்டு, விஷயம் தெளிவாகும்வரை சாவிகளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

அபி என்னிடம் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"அவரை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"நான் கூப்பிடேல்லை. தானா ஏறினவர்."

"இறக்கத் தெரியாதோ?"

அவரைத் தேடிக்கொண்டு ஓடினேன். ஒரு கோப்பிக் கடை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தம்பி, பெடியன் தங்கம். ஒரு நாயும் ஒரு குறை சொல்லேல்லை."

"உங்கட தங்கத்திட்ட இருந்து சாவியெல்லாம் வாங்கிப்போட்டாங்கள். அவன்ர பிழைப்பு போச்சு. என்ர பிள்ளையும் போச்சு. இனி நல்லா வெயில் காயுங்கோ."

விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். நாரி நோவை மறந்து அவர் நடந்த வேகத்தை அன்றுதான் கண்டேன்.

அலுவலகத்தில் பொறுப்பான பெண்மணி இருந்தார். ஜெர்மன் தெரிந்தவர். மேசையில் சாவிகள் குவிந்து கிடந்தன. படகுக்காரர்கள் சிலர், அவர்களில் கொல்ன் நகரப் பக்கத்து மூதாட்டி ஒருவர், சுவரோரமாக நிரோஜன், அவன் பக்கத்தில் அபி. விசாரணை அண்ணை நேரே மேசைக்குப் போனார்.

"நான் பொலிஸ் இல்லை. பெண் வீட்டுக்காக வந்தவன். எங்களிடம் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன் கேட்டுப் பார்ப்போம்."

பெண்மணி நம்பவில்லை. "அப்படியென்றால் இந்தப் பெண்ணிடமே கேட்டிருக்கலாமே?"

"அவள் அவனைக் காதலிக்கிறாள். அவளுடைய சாட்சி செல்லாது."

யாரோ சிரித்தார்கள். மூதாட்டி சிரிக்கவில்லை. "என் படகில் பொருள் காணாமல் போனதா என்று என்னிடம் கேட்டீர்கள். ஓம் என்று நான் சொல்லியிருந்தால்?"

"இவள் முன்னால் போய் நின்று அதைச் சொல்லியிருப்பேன். இவள் காலம் முழுக்க என்னை வெறுத்திருப்பாள்."

"நீங்கள் இவளுக்கு என்ன உறவு?"

"ஒருவருமில்லை. அதனால்தான் நான் கேட்கிறேன். தகப்பன் கேட்டால் பிள்ளை தகப்பனை வெறுக்கும். என்னை வெறுத்தால் யாருக்கு என்ன நட்டம்?"

பெண்மணி அபியைப் பார்த்து, "இந்த மனிதரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவரைப் பிடித்துப் பொலிஸில் கொடுத்திருப்பார்கள். அப்படிச் சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அபி அவரை முறைத்துப் பார்த்தாள். பிறகு ஜெர்மனில் சொன்னாள்: "என் அப்பாவின் அண்ணன்."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது.

மூதாட்டி எழும்பி மேசைக்கு வந்தார். குவியலில் தன் சாவியைத் தேடி எடுத்து நிரோஜனின் கையில் வைத்தார். "நேற்றும் இவன் நல்லவன்தான், இன்றும் நல்லவன்தான். எனக்கு வேறு வேலை இருக்கிறது." மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெண்மணி மீதிச் சாவிகளை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

வெளியே வந்ததும் அபி தொடங்கினாள். விசர் மனுசன், வெக்கமில்லாத மனுசன், கல்யாணத்துக்கு வந்தால் வாய்க்குப் பூட்டுப் போட்டுத்தான் மண்டபத்துக்குள் விடுவன் என்று படகுத்துறை முழுவதும் திட்டிக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு திட்டையும் "பெரியப்பா, பெரியப்பா" என்று முடித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று பின்னால் போனார். என் பங்குக்குத் திட்ட நானும் வாயெடுத்தேன். சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு சந்தோசமாகத் திட்டு வாங்கிய ஒரு மனிதனை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.