அம்மாக்கள் ஓட்டமும் என் கடைசிச் சுற்றும்

ஓட்டக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கால் நின்ற பிறகு வாய் ஓட ஆரம்பிக்கும். எனக்கு அது முற்றிப்போன கேஸ்.

கல்லூரியில் நான் எண்ணூறு மீட்டர், ஆயிரத்து ஐநூறு மீட்டர் இரண்டிலும் பேர் வாங்கியவள். காலையில் ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் ரோட்டில் ஓடினால், பால்காரர்கள் வண்டியை ஓரம்கட்டி வழிவிடுவார்கள். (ஒருவர்தான் விட்டார். அவருக்கும் அன்றைக்கு டயர் பஞ்சர்.) பல்கலைக்கழகப் போட்டியில் மெடல் வாங்கி, அந்தக் கணக்கில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலையும் வாங்கினேன். ஓடி வாங்கிய வேலையில் போய் உட்கார்ந்தேன், அம்புட்டுதான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. கல்யாணம், குழந்தை, முட்டிவலி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மெடல்கள் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் போய்விட்டன.

என் மகள் யாழினி சாப்பிட அடம்பிடித்தால் போதும், கதையை எடுத்துவிடுவேன். முக்கால்வாசி தூரம் வரை எல்லாருக்கும் பின்னால் பதுங்கி ஓடி, கடைசியில் பாய்ந்து அத்தனை பேரையும் முந்துவது என் பாணி. எங்கள் கோச் சொல்லிக் கொடுத்தது. "முன்னால போறவ காத்தோட சண்ட போட்டுச் சாவா. நீ பின்னாலயே போயி கடைசியில பாஞ்சிரு. எவ என்ன கத்துனாலும் திரும்பிப் பாக்காத" என்பார். எனக்கு அது வேதவாக்கு.

ஆறாம் வகுப்புக்கு வந்ததும் யாழினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண் முன்னால் பஸ் கிளம்பினாலும் "அடுத்ததுல போவோம்" என்று நிற்கிற அம்மாவை எத்தனை நாள்தான் நம்புவாள், பாவம். ஒருநாள் நேராகவே கேட்டாள். "நெசமாவே நீ ஓடுனியாம்மா?"

சுருக்கென்று இருந்தது. அதனால் அவள் பள்ளியின் விளையாட்டு விழாவில் அம்மாக்களுக்கும் ஓட்டம் உண்டு, மைதானத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். என் மதினி செல்வியும் கொடுத்தார். என் கணவரின் அக்கா. தெருமுனை மளிகைக் கடைக்கு ஆட்டோ பிடித்துப் போகிறவர். அவர் மகன் கவினும் யாழினி வகுப்புதான். யார் அம்மா ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வருஷம் முழுக்க ஸ்கூல் வேனில் ஜன்னல் சீட் என்று அவன் பந்தயம் கட்ட, யாழினி கொஞ்சமும் யோசிக்காமல் சரி என்றிருக்கிறாள். சந்தேகப்பட்ட பிள்ளை, என்னை நம்பி ஜன்னல் சீட்டையே வைத்துவிட்டாள்.

விழா அன்று மற்ற அம்மாக்கள் ஷாமியானாவில் உட்கார்ந்து ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பழைய ஸ்பைக்ஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் காலை நீட்டி மடக்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். சாம்பியன் என்றால் சும்மாவா? அந்த நேரத்தில்தான் பி.டி. மாஸ்டர் மைக்கில் ஓர் அறிவிப்பு செய்திருக்கிறார். வெயில் ஏறிவிட்டதால் அம்மாக்கள் முழுச் சுற்று ஓட வேண்டாம், எதிர்ப்பக்கத்தில் இருக்கிற ஷாமியானாவுக்கு முன்னால் கட்டியிருக்கும் ரிப்பனோடு போட்டி முடிந்துவிடும், அரைச் சுற்று போதும். ஷெட்டுப் பக்கம் ஸ்பீக்கர் இல்லை; ரோஸ்மில்க் குடித்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

விசில் ஊதினார்கள். அம்மாக்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். மதினிதான் முதலில். நான் திட்டப்படி கடைசியில், புன்னகையோடு. 'ஐயோ பாவம், இந்த வேகத்தில் போனால் பாதியிலேயே விழுந்துவிடுவார்களே' என்று பரிதாபம்கூடப் பட்டேன்.

நினைத்த மாதிரியே ஷாமியானா முன்னால் எல்லாரும் நின்றுவிட்டார்கள். குனிந்து முட்டியைப் பிடித்து மூச்சு வாங்கினார்கள். தரையில் ஒரு சிவப்பு ரிப்பன் கிடந்தது. கவனமாகத் தாண்டினேன். மதினி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏட்டி, நில்லு! முடிஞ்சிருச்சு!"

'உங்களுக்கு முடிஞ்சிருக்கும் மைனி, எனக்கு இப்பத்தான் ஆரம்பம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பாய்ந்தேன். அடடா, அது பாய்ச்சல்! இத்தனை வருஷமும் இந்தக் கால்கள் எங்கே போயிருந்தன? கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மைக்கில் மாஸ்டர் "மேடம், மேடம்" என்று அலறினார். என் வேகத்தைப் பார்த்து மனுஷன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்ப்பேனா? மாட்டேன்.

அடுத்த வளைவில் யு.கே.ஜி. பிள்ளைகளைத் தவளைப் போட்டிக்காக வரிசையாகக் குத்தவைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் பறந்ததும், போட்டி ஆரம்பித்துவிட்டது என்று அத்தனை தவளைகளும் எழுந்து என் பின்னால் ஓடி வந்தன. பிள்ளைகளைப் பிடிக்க டீச்சர்கள் ஓடினார்கள். டீச்சர்களை விரட்டிக்கொண்டு ஒரு நாய் ஓடியது. இத்தனை பரிவாரத்தோடு, புறப்பட்ட கோட்டை இரண்டு கையையும் உயர்த்தியபடி தாண்டினேன். அங்கே ஒரு குருவிகூட இல்லை. மைதானம் முழுக்க வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் பரிசான ஹாட்பாக்ஸ் மதினி கையில் இருந்தது. தலைமை விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் யாழினியை மட்டும் தேடினேன். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பது?

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஜன்னல் சீட்டு போச்சு."

"போச்சுடா."

"ஆனா செல்வி அத்தையெல்லாம் உன் பக்கத்துலகூட வர முடியாதும்மா. எம்புட்டு வேகம்! எனக்கும் அப்படி ஓடச் சொல்லித் தாரியா?"

மறுநாளிலிருந்து அய்யனார் கோவில் ரோட்டில் நாங்கள் இரண்டு பேர்.

மதினி இன்றைக்கும் எந்த விசேஷம் என்றாலும் அந்த ஹாட்பாக்ஸில்தான் இடியாப்பம் கொண்டுவருவார். "பாத்து எடுட்டி, ஓடி வாங்குனது" என்று என்னிடம் மட்டும் சொல்லுவார். வீட்டில் சண்டை ஓய்ந்த பிறகும் நான் பேசிக்கொண்டே இருந்தால், என் கணவர் மெதுவாக இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவார்.

யாழினி இப்போது கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் நடுவரிடம் போய், எந்தக் கோட்டில் முடிகிறது, எத்தனை சுற்று, கடைசி நேரத்தில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் போய் நிற்பாள். போன போட்டியில் ஒரு நடுவர் அசந்துபோனார். "இம்புட்டு பொறுப்பா இருக்கியேம்மா, யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

யாழினி வேலிக்கு இந்தப்பக்கம் நின்ற என்னைக் கை காட்டினாள்.

"எங்கம்மாதான் சார். சொல்லியெல்லாம் குடுக்கல. ஓடியே காட்டுனாங்க."