மாமியார் வரைந்த படகு

மாமியார் வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவர் கைப்பட வரைந்து கொடுத்த படகுப் படமோ கட்டிலுக்கு அடியில் கிடந்தது. போன முறை வந்தபோதே, "மாப்பிள்ளை தங்கமானவருதான், ரசனைதான் பத்தாது" என்று சொல்லிவிட்டுப் போன மகராசி அவர். அந்தப் பேரை இன்றைக்குத் துடைத்தே தீருவது என்று, மாப்பிள்ளை சுத்தியலோடு நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

நடுச்சுவரில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினார்.

"நல்லாத்தானே இருக்கு, இறங்குங்க" என்றாள் மனைவி.

"நட்டநடுவுல மாட்டினா படம் தூங்கி வழியும். சுவரை மூணாப் பிரிச்சு, ஒரு பங்குல மாட்டணும். வீடியோவுல பாடமே எடுத்தாங்க!"

படம் வலப்பக்கம் நகர்ந்தது. நடுவில் இருந்த ஆணி இப்போது தனியாக நின்று இளித்தது. பிடுங்கிப் பார்த்தார், காரை உதிர்ந்ததே தவிர ஆணி அசையவில்லை. போகட்டும் என்று அதில் கடிகாரத்தை மாட்டினார்.

"இப்ப வலப்பக்கம் கனமாத் தெரியுதே!"

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"உனக்குத் தெரியாது. சமன் பண்ணணும்."

இடப்பக்கம் கண்ணாடி ஏறியது. அது பளபளத்த பளபளப்பில் படகை யார் பார்ப்பார்கள்? பார்வையை இழுக்க, படகைச் சுற்றி நாலு சின்னப் படங்கள். நாலுக்கும் நாலு ஆணி.

"ஏங்க, படம் மாட்டறீங்களா, கடை போடறீங்களா?"

பதில் சொல்வதற்குள் மாமியார் உள்ளே வந்துவிட்டார். சுவரைப் பார்த்தார். கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டார். கடிகாரத்தில் மணி பார்த்தார்.

"எல்லாம் இருக்கு. என் படம் எங்க மாப்பிள்ளை?"

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு! இனி ஆயுசுக்கும் அந்தப் பேர்தான்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. வாசலில் பக்கத்து வீட்டு அம்மா நின்றார்.

"இந்தச் சுவத்துல ஆணி அடிச்சது யாரு?"

மனைவியின் விரல் கணவரைக் காட்டியது. அவர் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

பக்கத்து வீட்டு அம்மா வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "என்ன ரசனை சார் உங்களுக்கு! சுவத்துக்கு எங்க பக்கம் ஆணி முனையெல்லாம் அவ்வளவு அம்சமா வந்திருக்கு, குடை, பை, தொப்பி எல்லாத்தையும் மாட்டிட்டோம். சாவிக்குத்தான் இடமில்ல, கீழ இன்னும் ஒண்ணு அடிச்சு விடுங்களேன்!"