தெர்மோஸ்டாட் பற்றி மச்சானுக்கு

பெரிய மனசுக்காரரான மச்சானுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நான் நலம், வண்டி என்னைவிட நலம். உங்கள் புதுச் செருப்புக் கடை வாசலில், ஸ்டியரிங் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நீங்களே வந்து சேரவில்லை. ஷட்டருக்கு அடியில் இதைத் தள்ளிவிடப் போகிறேன். கடை திறந்ததும் உங்கள் கண்ணில் முதலில் படுவது என் வெற்றியாக இருக்க வேண்டும்.

உங்கள் பழைய காரை என் தலையில் கட்டிய நாளிலிருந்து நான் பட்ட பாடு கொஞ்சமா? காலையில் கிளப்பினால் தெருமுனையில் இருமிவிட்டு நின்றுவிடும். அதனால் வாசலிலேயே உறுமவிட்டுக் காத்திருப்பேன். வண்டி சூடாவதற்குள் என் மண்டை சூடாகிவிடும். பள்ளி ஆண்டு விழாவில் மகள் பாடி இறங்கிய பிறகு போய், யாருடைய பிள்ளைக்கோ கைதட்டினோம். முந்தாநாள் உங்கள் தங்கை தீர்ப்பே சொல்லிவிட்டாள். "அண்ணன் கடைக்கு ரிப்பன் வெட்டப் போறது நான். அதுக்கும் லேட்டாச்சுன்னா, வீட்டுல ஒண்ணு இந்த வண்டி இருக்கும், இல்ல நான் இருப்பேன்." அதோடு என்னிடம் பேச்சையும் நிறுத்தி, வண்டியில் பின்சீட்டுக்கும் மாறிவிட்டாள்.

நேற்று முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்தேன். கிடந்து கண்டுபிடித்தேன் மச்சான், உங்கள் கைவேலையை. எஞ்சினுக்கு அடியில் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு குட்டி டப்பா இருக்க வேண்டுமே, அந்த இடம் காலி. அதுதான் தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது சுருங்கி, காற்று வரும் வழியைச் சாத்தி வைக்கும். சூடேற ஏற விரிந்து திறந்துவிடும். நீங்கள் அதைக் கழற்றிப் போட்டு, அந்தக் காற்று வழியின் மூடிகளைக் கம்பியால் திறந்தபடி கட்டியும் வைத்திருக்கிறீர்கள். போனில் கேட்டால், "காத்துல குளிர்ற எஞ்சினுக்கு அதெல்லாம் எதுக்கு மாப்ளே? நல்லாக் காத்து வாங்கட்டும்" என்கிறீர்கள். குளிரில் நடுங்குகிறவனுக்கு ஃபேன் போட்டுவிட்டு, ஏன் இருமுகிறாய் என்று இத்தனை நாள் அவனையே திட்டியிருக்கிறோம். பழைய இரும்புக்கடையில் தேடிப் பிடித்து ஒன்றை மாட்டினேன், நானே, என் கையால்.

இன்று காலை சாவியைத் திருப்பினேன். ஒரு செருமல்கூட இல்லை. வண்டியின் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் கிளம்பிவிட்டேன். தெருமுனை தாண்டியது, மேட்டில் ஏறியது, சிக்னலில் நின்றும் அணையவில்லை. வழியெல்லாம் தெர்மோஸ்டாட்டின் அருமையை விளக்கிக்கொண்டே வந்தேன். உங்கள் தங்கை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்தது இன்றுதான். தோற்றவர்களைக் குத்திக்காட்டக் கூடாது என்று நானும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை மச்சான்.

கடையில் கூட்டம் நெரியட்டும், எல்லா அளவும் விற்றுத் தீரட்டும்.

இப்படிக்கு,
நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்த
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கத்தரிக்கோல் கொண்டுவந்தாளா என்று கேட்க இப்போதுதான் திரும்பினேன். பின்சீட்டில் கைப்பை மட்டும் உட்கார்ந்திருக்கிறது. வண்டி சூடாகிற நேரத்தில்தான் அவள் பையை உள்ளே வைத்துவிட்டுப் போய், ஜன்னல்களைச் சாத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவாள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது. பைக்குள் அவள் போன் விடாமல் அடிக்கிறது, பக்கத்து வீட்டு நம்பரிலிருந்து. எடுக்கத் தைரியம் இல்லை. நேரே போய்க் கூட்டிவருகிறேன். ரிப்பனை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். யாராவது கேட்டால், வழியில் வண்டி நின்றுவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.