செக்குபந்தி அண்ணாச்சியும் ரெண்டு அடுக்களை வீடும்

தாமிரவருணில வெள்ளம் வருதுன்னு ஊரே கத்திக்கிட்டு ஓடும்போது, "பாத்தவன் யாரு? எந்தக் கரையில நின்னு பாத்தான்? அவன் ஒறமொற யாருக்கும் மேட்டுல நெலம் விக்கிறதுக்கு இருக்கா?"ன்னு மூணு கேள்வி கேட்டுட்டுத்தான் வேட்டிய மடிச்சுக் கட்டுத ஆளு ஒருத்தர் உண்டும்னா, அது எங்க செக்குபந்தி அண்ணாச்சிதான். உலகத்துல அவரு நம்புன வஸ்து ஒண்ணுகூட கெடையாது. சூரியன் கெழக்கதான் உதிக்கும்னு நீங்க சொன்னா, "பத்திரத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு, நேர்ல பாப்போம்"னுருவாரு.

அவருக்கு அப்பன் ஆத்தா வச்ச பேரு என்னன்னு பாளையங்கோட்டையில ஒரு பயலுக்கும் தெரியாது. வீட்டுப் பத்திரத்துல நாலு பக்கத்து எல்லையையும் எழுதுவாங்க பாருங்க, கெழக்கே இன்னாரு வீடு, மேக்கே சந்து, வடக்கே கெணறுன்னு, அதுக்குப் பேருதான் செக்குபந்தி. யாரு வீடு வாங்கப் போனாலும் இவரு கூடவே போவாரு. பத்திரத்த ஒரு கையில புடிச்சுக்கிட்டு நாலு எல்லையையும் நடந்து பாப்பாரு. நாலுலயும் நாலு குத்தம் சொல்லுவாரு. கூலி வாங்க மாட்டாரு. காப்பி குடுத்தாக் குடிக்க மாட்டாரு, அதுல என்ன கலந்திருக்கோன்னு. தண்ணியக்கூட வீட்டுலருந்து செம்புல கொண்டாந்துருவாரு.

கூலி வாங்காததுதான் எனக்கு இடிச்சுது. ஒருத்தன் ஓசியில நமக்காக வெயில்ல நிக்கான்னா, நெழல்ல எவன்கிட்டயோ தரகு வாங்குதான்னுதான அர்த்தம்? நான் அப்ப எப்.ஏ. பாஸ் பண்ணி பி.ஏ. சேந்த புதுசு. எனக்குத் தெரியாத விசயம் உலகத்துல ரெண்டே ரெண்டுதான் இருந்துச்சு. அது என்னன்னும் எனக்குத் தெரியாது.

எங்கப்பா மிஷன் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. நாங்க குடியிருந்தது மிஷன் குடுத்த வீடு. வேலை இருக்குத வரைக்கும்தான் வீடு. அப்பா ஓய்வு ஆனதும் புது வாத்தியாரு குடும்பத்தோட வாராருன்னு காயிதம் வந்துட்டு. காயிதத்துக்குப் பின்னாலயே அவரு கட்டிலும் வந்துட்டு. வண்டிக்காரன் அத வாசல ஒட்டுன எங்க தார்சாவுல எறக்கிப் போட்டுட்டு, "சார்வாள் அடுத்த மாசம் வாராவளாம், கட்டில மொதல்ல அனுப்பச் சொன்னாவ"ன்னு போயிட்டான். அம்மா தெனமும் அதச் சுத்திச் சுத்தி வாசலப் பெருக்குவா. "இந்தாருங்க, கட்டிலு நம்மள மொறைக்குது"ம்பா. அப்பா ஜெபப் புஸ்தகத்தத் தொறந்து வச்சிக்கிட்டு கட்டிலப் பாக்காத மாதிரி இருப்பாரு. ஒரு மாசத்துக்குள்ள வீடு வாங்கலன்னா நாங்க மூணு பேரும் தெருவுல. அம்மாதான் பதறிப்போயி செக்குபந்தி அண்ணாச்சிக்கு ஆளனுப்புனா.

மொதல் வீடு திருநெல்வேலி டவுன்ல. அண்ணாச்சி நேரா பட்டாசாலைக் கூடத்துக்குள்ள போனாரு. சுவத்துல ஓரமா நகத்தால சொரண்டி, நாக்குல வச்சு, கண்ண மூடுனாரு. சுண்ணாம்புச் சாந்துல கடுக்காயும் கருப்பட்டியும் கலந்து அரைச்சாத்தான் சுவரு நிக்கும்னு நமக்கெல்லாம் தெரியும். ஆனா அத நக்கிப் பாத்துச் சொல்லுத ஆள அன்னைக்குத்தான் பாத்தேன்.

"கடுக்கா இருக்கு. கருப்பட்டி இல்ல. கருப்பட்டிய எவனோ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான்."

வீட்டுக்காரருக்கு மூஞ்சி செவந்துட்டு. "அண்ணாச்சி, இது எங்க தாத்தா முன்ன நின்னு கட்டுன வீடு!"

"அப்ப ஒம்ம தாத்தாதான் தூக்கிட்டுப் போயிருக்காரு."

அந்த வீடு போச்சு.

ரெண்டாவது வீட்டுல சுவரு இனிச்சுது. ஆனா பத்திரத்துல 'கெழக்கே வேப்பமரம்'னு எழுதியிருந்துச்சு. அண்ணாச்சி கெழக்க போனாரு, நின்னாரு, அண்ணாந்து பாத்தாரு.

"மரம் எங்கவே?"

"அது பட்டுப்போயி, வெட்டி வெறகாக்கியாச்சு அண்ணாச்சி. எங்க ஐயா காலத்துலயே."

"அப்ப ஒம்ம எல்லையும் வெறகாயிட்டு. நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரன், மரம் ஒம்ம அடுக்களைக்குள்ளதான் நின்னுதும்பான். நீரு எதக் காட்டுவீரு, சாம்பலயா?"

அதுவும் போச்சு. நாளும் போச்சு. அப்பா சோந்துபோயி, "அண்ணாச்சி, பேசாம ஒரு வீட்ட ஒத்திக்காவது புடிச்சிருவமா?"ன்னாரு.

"ஒத்தின்னா என்னன்னு தெரியுமா வாத்தியாரே? பணத்த மொத்தமாக் குடுத்துட்டு அவன் வீட்டுல குடியிருப்பீரு. ஒமக்கு வாடகை கெடையாது, அவனுக்கு வட்டி கெடையாது. நல்லாத்தான் இருக்கும். அவன் பணத்தத் திருப்பிக் கொண்டாந்து வச்ச அன்னைக்கு நீரு பாயச் சுருட்டணும். பொறவு இன்னொருத்தன் கட்டிலு வந்து ஒம்மள மொறைக்கும். கிரயமா வாங்கும். வாங்குனா வாங்குனதுதான்."

"வாங்க விட்டாத்தான!"ன்னு நான் முனங்குனேன். அவரு காதுல விழுந்துது. விழுந்ததையும் அவரு நம்பல போல, அடுத்த வீட்டப் பாக்க நடந்தாரு.

மூணாவது வீடுதான் வீடு. மரம் அறுத்து விக்கிற மரவாடி வச்சிருந்த ஒரு அண்ணாச்சியோடது. முன்கட்டு, பின்கட்டு, நடுவுல வானம் பாத்த முத்தம், எல்லாம் தேக்கு. அவருக்குக் கொழும்புல யாவாரமாம், அடுத்த கப்பலுக்குப் போகணுமாம், அதான் விக்காராம். எங்களுக்குப் பதநீர் குடுத்தாரு, அம்மாவ "அக்கா அக்கா"ன்னாரு. அப்பா ஒரு ரூமுக்குள்ள போயி, இங்கன புஸ்தக அலமாரி, இங்கன மேசைன்னு காத்துல கையால படம் போட்டுக்கிட்டு இருந்தாரு. அப்பா அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

செக்குபந்தி அண்ணாச்சி நக்கிப் பாத்தாரு. கருப்பட்டி இருந்துச்சு. எல்லைய நடந்து பாத்தாரு. நாலும் சரியா இருந்துச்சு. அந்த வீடு மொதமொத யாருகிட்டருந்து யாருக்கு வந்துதுன்னு காட்டுத மூலப்பத்திரத்தக் கேட்டாரு. மரவாடிக்காரரு பட்டுத்துணியில சுத்தி எடுத்தாந்து நீட்டுனாரு. எனக்கு ஒரே சந்தோசம், மனுசன் இன்னைக்கு என்ன செய்யுதாருன்னு பாப்போம்னு.

"வாத்தியாரே, எல்லாம் சரியா இருக்கு"ன்னாரு.

"தோத்திரம்!"னா அம்மா.

"இரும்மா. எல்லாம் சரியா இருக்குன்னா, நாம வாரதுக்கு முன்னாடி எதையோ சரி பண்ணியிருக்கான்னு அர்த்தம்."

சொல்லிட்டுப் பைய பின்கட்டுப் பக்கம் போனாரு. அங்கன ஒரு கதவு பூட்டிக் கெடந்துச்சு. சன்னல் வழியாத் தலைய விட்டுட்டாரு.

"என்னவே, இங்கன ஒரு அடுக்களை. முன்கட்டுல ஒரு அடுக்களை. ஒரு வீட்டுல எதுக்கு ரெண்டு?"

மரவாடிக்காரரு சிரிச்சாரு. "அங்கன ஆளே கெடையாது அண்ணாச்சி. சும்மா சாமான் போட்டு வைக்கிற எடம்."

"சாமான் எதுக்கு அடுப்பு மூட்டுது? சாம்பல் கெடக்கே. தரைய மெழுகிப் பத்து நாளுகூட ஆவல."

எனக்குப் பொறுக்கல. முந்துன நாள்தான் ரிஜிஸ்தர் ஆபீசுல நின்னு வில்லங்க சர்ட்டிபிகேட் வாங்கியாந்திருந்தேன். இந்த வீட்டு மேல எந்த அடமானமும் இல்ல, ஒத்தியும் இல்லன்னு சுத்தமா எழுதியிருந்துச்சு. அத அவரு மூஞ்சிக்கு நேரா ஆட்டுனேன்.

"அண்ணாச்சி, சர்க்காரே தேடிப் பாத்து முத்திர குத்திக் குடுத்துட்டு. அதுக்கு மேல ஒங்க மூக்கு என்ன பெரிய முத்திரையா?"

"லே!"ன்னாரு அப்பா.

செக்குபந்தி அண்ணாச்சிக்குக் கோவமே வரல. "தம்பி, எழுதுனதத்தான் சர்க்காரு தேடும். எழுதாதத யாரு தேடுவா?"ன்னாரு. செம்பத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டாரு.

அதுக்குப் பொறவு ஆளையே காணோம். ஒரு நாள் போச்சு, ரெண்டு நாள் போச்சு. எனக்குச் சந்தேகம் தீந்துட்டு. "பாத்தீயளா அப்பா, மரவாடிக்காரரு ஆள வெலைக்கு வாங்கிட்டாரு. கூலி வேண்டாம் கூலி வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான்"னேன். அம்மா, "ஏலே, அவரு வெலைக்குப் போனாருன்னா வீட்டுல குத்தம் இருக்குன்னு ஆயிருமேலே"ன்னா. நான் அத யோசிக்கவே இல்ல. பி.ஏ. வகுப்புல அதெல்லாம் சொல்லிக் குடுக்கல.

ஆனா கட்டிலு அங்கனயே இருந்துச்சு. எட்டு நாள்தான் பாக்கி. வேற வழி?

பத்திரம் பதியுத அன்னைக்கு அம்மா கோயிலுக்குக் கட்டுத சேலையக் கட்டிக்கிட்டு வந்தா. ஆபீசுக்கு வெளிய புளியமரத்தடியில எழுத்தரு பெட்டிய வச்சு உக்காந்து கிரயப் பத்திரத்த எழுதி முடிச்சிட்டாரு. எங்களுக்கு முன்னால இன்னும் ரெண்டு பேருதான். அப்பா கையெழுத்துப் போடப் பேனாவ வாங்குனாரு. அப்பத்தான் ஒரு மாட்டுவண்டி வந்து நின்னுச்சு. செக்குபந்தி அண்ணாச்சி எறங்குனாரு, தலைமுடியெல்லாம் செம்மண்ணு. அவருக்குப் பின்னால வெள்ளைச் சேல கட்டுன ஒரு அம்மா, கையில துணிமூட்டையோட.

அந்த அம்மா நேரா மரவாடிக்காரருகிட்ட வந்து, சாதாரணமாக் கேட்டாக. "என்ன கொழுந்தனாரே, வெள்ளையடிச்சு முடிஞ்சுதா?"

மரவாடிக்காரரு வாயி பதநீர்ப் பானை மாதிரி தொறந்துக்கிட்டு. "மதினி... நீங்க எப்ப..."

விசயம் இதுதான். அவுக மரவாடிக்காரரோட செத்துப்போன அண்ணன் பொஞ்சாதி. பின்கட்டும் அந்த அடுக்களையும் உசுரு இருக்குத வரைக்கும் அவுகளுக்குன்னு, புருசன் செத்தப்பவே சொந்தபந்தமெல்லாம் கூடிப் பேசி முடிச்சது. பேசுனதுதான, எழுதல. எழுதாததுனால சர்ட்டிபிகேட்டுல வரல. 'வெள்ளையடிக்கணும், தூசி ஒங்களுக்கு ஒத்துக்கிடாது'ன்னு சொல்லி அவுகள ஆழ்வார்திருநகரியில ஒறமொற வீட்டுக்கு அனுப்பி வச்சுட்டு, வித்துட்டுக் கொழும்புக்குக் கப்பல் ஏறப் பாத்திருக்காரு. 'பின்கட்டு அம்மா ஆழ்வார்திருநகரிக்குப் போயிட்டாக, பாலு வேண்டாம்'னு மரவாடிக்காரரு சொன்ன சேதி பால்காரி வழியா செக்குபந்தி அண்ணாச்சிக்கு வந்து, ஒடனே அவரு அந்த ஊருக்கு வண்டி புடிச்சிருக்காரு.

அப்பா பேனாவ வச்சுட்டாரு. "ஒங்களுக்குப் போக வேற எடம் உண்டுமாம்மா?"

"எனக்கா? அந்த அடுக்களைதான்யா."

அம்மாவுக்குக் கண்ணு கலங்கிட்டு. எட்டு நாளுகூட இப்ப இல்ல. நாலாவது வீடு பாக்க நேரம் கெடையாது. இந்த அம்மாவ வெரட்டிட்டு அந்த வீட்டுல ஜெபம் பண்ண அப்பாவால முடியாது. எல்லாரும் செக்குபந்தி அண்ணாச்சியப் பாத்தோம். அவரு என்ன சொல்லுவாருன்னு தெரியும். சின்னக் குத்தத்துக்கே வீட்ட வேண்டாம்னவரு, இதுக்கு விடுவாரா?

அவரு மரத்த ஒரு சுத்து சுத்தி வந்தாரு.

"வாங்கும் வாத்தியாரே."

"என்னது!"

"வாங்கும். ஆனா இந்தம்மாவையும் சேத்து எழுதி வாங்கும். ஒளிச்சு வச்சாத்தான் அது வில்லங்கம். எழுதிட்டா பாத்தியதை. பின்கட்டும் புறவாசலும் கெணத்துத் தண்ணியும் இவுக காலம் மட்டும் இவுகளுக்கு. ஏ மரவாடி, வெலையக் கொற, இல்லன்னா ஆபீசுக்குள்ள போயி நானே கத்துவேன்."

மரவாடிக்காரரு கொறைச்சாரு. அவருக்குக் கப்பல் நிக்குது.

ஆனா அந்த அம்மா எங்களச் சந்தேகமாப் பாத்தாக. "நீங்க வேதக்காரங்கல்லா? ஞாயித்துக்கெழம சத்தம் போட்டுப் பாடுவீயளே?"

"பாடுவோம். நீங்க வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுவீயளே?"ன்னா எங்கம்மா.

"போடாம?"

"பொக பட்டாசாலைக்கு வரப்படாது."

"பாட்டு என் அடுக்களைக்கு வரப்படாது."

"எழுது, எழுது"ன்னாரு செக்குபந்தி அண்ணாச்சி. எழுத்தரு, 'சாம்பிராணிக்கெல்லாம் நான் பத்திரம் எழுதுனதில்ல'ன்னு பேனாவ மூடிட்டாரு. அதுனால புது முத்திரத்தாள வாங்கி நானே எழுதுனேன். கிரயம், எல்லை, பாத்தியதை, பாட்டு, பொக, அம்புட்டும். ரெண்டு பொம்பளைகளும் வரிக்கு வரி சண்ட போட்டுக்கிட்டே சிநேகமாயிட்டாக.

அப்பா கையெழுத்துப் போட்டாரு. மரவாடிக்காரரு போட்டாரு. அந்த அம்மா கைநாட்டு வச்சாக. சாட்சிக்கு செக்குபந்தி அண்ணாச்சிகிட்ட நீட்டுனேன். இந்த மனுசன் முத்திரத்தாள வெயில்ல தூக்கிப் புடிச்சுப் பாப்பாரு, பின்பக்கத்தத் தடவிப் பாப்பாரு, ஒவ்வொரு வரியையும் வெரல் வச்சு ரெண்டு தடவ படிப்பாரு. சாயங்காலம் ஆயிரும்னு நெனச்சு நான் உக்காந்தேன்.

அவரு பேனாவ வாங்குனாரு, போட்டாரு, குடுத்துட்டாரு.

"அண்ணாச்சி, படிக்கலியா?"

"எழுதுனது யாரு?"

"நான்தான்."

"பொறவு என்னலே?"ன்னுட்டு, செம்ப எடுத்துக்கிட்டு வண்டிக்காரன்கிட்ட கூலிக்குச் சண்ட போடப் போயிட்டாரு.

உள்ள எங்க பேரக் கூப்பிடுதுக்குள்ள அந்தப் பத்திரத்த நான் ஒரு எழுத்து விடாம மூணு தடவ படிச்சேன். தப்பு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் நாலாவது தடவையும் படிச்சேன்.