கொம்புக்காரர் போட்ட சிவப்பு அம்பு

மலையேற வந்தவர்களை ஏறவிடாமல் திருப்பி அனுப்பியதில், தர்மபுரி மாவட்டத்திலேயே எங்கள் கொம்புக்காரரை மிஞ்ச ஆளில்லை. மழைகூட அவருக்கு அடுத்தபடிதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மாட்டுப் பொங்கலுக்கு ஊர் மாடுகளுக்கெல்லாம் கொம்பில் பெயிண்ட் அடிப்பவர், அதனால் கொம்புக்காரர். மாடுகள் குறைந்து டிராக்டர்கள் வந்தன. டிராக்டருக்குக் கொம்பு ஏது? சிவப்புப் பெயிண்ட் டின் டின்னாக மிஞ்சியது. சும்மா இருக்க மாட்டாத கை, மலைப் பாறைகளைப் பார்த்துவிட்டது.

பாலக்கோட்டைத் தாண்டி, மலையை ஒட்டின கடைசி வீடு என்னுடையது. உச்சியில் ஒரு மொட்டைப் பாறை, அதற்கு இந்தப் பக்கம் சின்ன ஏரி. நாங்கள் அங்கே ஆடு மேய்க்கப் போவோம். இப்போது சனி ஞாயிறானால் பெங்களூரிலிருந்து பிள்ளைகள் அதைப் பார்க்க வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு கைத்தடி. எங்கள் ஊரில் இருபது வயதில் இரண்டு தடி ஊன்றினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள்.

இவர்களுக்காகத்தான் கொம்புக்காரர் வழிநெடுகச் சிவப்பு அம்புக்குறி போட்டார். ஒருநாள் வாசலில் புளி காயவைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் வியர்க்க வியர்க்க வந்து நின்றார்கள்.

"அஜ்ஜி, கெரெ எல்லி?" பாட்டி, ஏரி எங்கே என்று கன்னடத்தில் கேட்டாள் ஒரு பெண். எனக்குப் புது ஆட்களிடம் பேச்சு வராது. மலைப்பக்கம் கையைக் காட்டினேன். போனார்கள். அரை மணியில் அதே ஐந்து பேர், அதே புளிக்கு முன்னால்.

"மறுபடியும் நாங்கதான் அஜ்ஜி" என்றான் ஒருவன், அழாத குறையாக.

விஷயம் இதுதான். அம்புகள் எல்லாம் கீழே பார்த்திருந்தன. எந்தப் பாறையைப் பார்த்து நடந்தாலும் என் வாசலில் கொண்டுவந்து விடும். கடைசி அம்பு என் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது.

நான் கேட்டதற்குக் கொம்புக்காரர் சொன்னார்: "ஏறிப் போறதுக்கு எதுக்குங்கக்கா அம்பு? மலைதான் இம்மாம் பெருசா கண்ணு முன்னாடி நிக்குதே. எறங்கும்போதுதான் தடுமாறும். வூடு வந்து சேர வழி வேணுமில்லீங்களா?"

அவரையே துணைக்கு அழைத்துப் போனால் இன்னும் மோசம். ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, "திரும்பிப் பாருங்க. எறங்கும்போது வழிக்கு வேற மூஞ்சிங்க" என்பார். இரண்டு மணியில் ஏறுகிற மலைக்கு நாலு மணி ஆகும். ஒருவருக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. ஏரியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, வந்த வழியைத்தான் பார்த்தேன் என்றாராம்.

ஊரே சிரித்தது. நானும்தான், ஐப்பசியில் ஒரு சாயங்காலம் வரைக்கும். சினை ஆடு ஒன்று இறங்கி வரவில்லை என்று தேடிப் போனேன். ஏரியோரம் பனி மூடிக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான், ஆனாலும் எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியாமல் பாறையைத் தடவிக்கொண்டு நின்றேன். மூக்குக்கு நேரே சிவப்பு. அந்த அம்பைப் பிடித்து அடுத்தது, அதைப் பிடித்து அதற்கடுத்தது. என் வீட்டுச் சுவரில் இடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆடு எனக்கு முன்னாலேயே வந்து முருங்கைக் கிளையைக் கடித்துக்கொண்டிருந்தது. சொந்த மலையில் வழி தவறினதை வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம்தான் வனத்துறை அதிகாரி வந்தார். மலைப்பாதையை முறைப்படி திறக்கப் போகிறார்கள், உள்ளூர் ஆள் ஒருவரை வழிகாட்டியாக வைப்பார்கள், காக்கிச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையும் உண்டு என்று பேச்சு. கொம்புக்காரருக்கு அந்தச் சட்டைமேல் உயிர். ஆணை வருவதற்கு முன்பே தையற்காரரிடம் அளவு கொடுத்துவிட்டார். அதிகாரியோ யாரையும் கூப்பிடாமல் அம்புகளைப் பார்த்தே நடந்தார். நேராக என் வாசலுக்கு வந்து சேர்ந்தார். அங்கே கொம்புக்காரர் எண்ணெய் வழிய வாரிய தலையோடு நின்றிருந்தார்.

"ஏம்மா, இந்த ஆள் போட்ட அம்பை நம்பி யாராவது ஒழுங்கா போய்ச் சேந்திருக்காங்களா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

கொம்புக்காரர் என்னைப் பார்த்தார். நான் சேர்ந்தேன் என்று சொன்னால் போதும். "அடுப்புல பால் இருக்குதுங்க" என்று உள்ளே போய்விட்டேன். வீட்டில் அன்றைக்குப் பாலும் இல்லை, அடுப்பும் எரியவில்லை.

காக்கிச் சட்டை வேறொருவருக்குப் போயிற்று. அவர் மேல்நோக்கி நீல அம்பு போட்டார். 'நீல அம்பை மட்டுமே பின்பற்றவும்' என்று பலகையும் வந்தது. உச்சிக்குப் போய் நின்றால் கடைசி நீல அம்பு வானத்தைக் காட்டுகிறது. இறங்குவதைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை. பனி மூடினால் காக்கிச் சட்டைக்காரரே சத்தமில்லாமல் சிவப்பைப் பார்த்துத்தான் இறங்குகிறார்.

கொம்புக்காரர் என்னைத் திட்டவில்லை. எதிரே பார்க்கும்போதெல்லாம், "பால் பொங்கிடுச்சுங்களாக்கா?" என்பார், அவ்வளவுதான். வருஷா வருஷம் மாட்டுப் பொங்கல் முடிந்ததும் மலையேறி அம்புகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டு வருவார்.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அந்தச் சுவருக்குப் போனார். "இந்த அம்பையும் சேத்து அடிச்சிரட்டுங்களா ஆயா?"

"அத விடுப்பா. அதப் புடிச்சுத்தான் ஒரு நாளு பனியில நான் வூடு வந்து சேந்தேன்."

சொன்ன பிறகுதான் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெயிண்ட் டின்னோடு கொம்புக்காரர். டின்னைக் கீழே வைத்தார்.

"அப்ப ஒரு வழியா பாலை எறக்கி வச்சுட்டீங்க" என்றார்.

நான் உள்ளே போய், இந்த முறை நிஜமாகவே அடுப்பில் பால் வைத்தேன்.