மூன்று முதலிடங்கள்

மகளின் குரல் அறுந்து அறுந்து வந்தது. மண் ஆராய்ச்சி முகாமுக்குப் போன இடத்தில் சிக்னல் கிடைக்காமல், ஏதோ ஒரு மேட்டின்மேல் ஏறி நின்று பேசுகிறாளாம்.

"அப்பா, என் மேஜையில ஒரு படிவம்... மூணு பல்கலைக்கழகம்... இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல... உங்களுக்குப் பிடிச்சா..."

"பிடிச்சா?"

அத்தோடு சரி. திரும்ப அழைத்தால், அவள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்மணி நிதானமாகச் சொன்னாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் போனைக் கல்லாமேல் வைத்தார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு மகள் அவரிடம் எதையுமே கேட்டதில்லை. எந்தப் பாடம், எந்தக் கல்லூரி, முடியை எவ்வளவு வெட்டுவது, எல்லாம் அவளே முடிவு. வெளிநாட்டில் ஆறு மாதம் படிக்கப் போவதைக்கூடத் தகவலாகத்தான் சொன்னாள். அப்படிப்பட்டவள், எங்கே போவது என்று முடிவு செய்யும் பொறுப்பை அப்பாவிடம் விட்டிருக்கிறாள்.

நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் இடது கண்ணுக்கு மட்டும் பவர் பார்த்து முடித்து, வலது கண்ணுக்காகக் காத்திருந்தார்.

"அந்தக் கண்ணை நாளைக்குப் பாத்துக்கலாம் சார்" என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கினார்.

வீட்டில் படிவம் மேஜைமேலேயே இருந்தது. 'மாணவர் பரிமாற்றத் திட்டம்: ஒரு பருவம்' என்று தலைப்பு கொட்டை எழுத்தில். அதன் கீழே பொடி எழுத்தில் நாலு வரி. பொடி எழுத்தைப் படிப்பது வாடிக்கையாளர்களின் வேலை என்பது அவர் கொள்கை. நேராகக் கட்டங்களுக்கு வந்தார்.

பல் மருத்துவமனையில் காலை நேர வரவேற்பாளர் வேலையை முடித்து வந்திருந்த மனைவி, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள்.

"தனி அறை, ஆம், இல்லை. ஆம்னு போடுங்க. குளியலறையும் தனின்னு போடுங்க. நம்ம பொண்ணு மத்தவங்களோட மல்லுக்கட்டிட்டு நிக்க வேண்டாம்."

"வீட்டில் பூனை, நாய் உண்டான்னு கேட்டிருக்கான்."

"பூனை இருக்குன்னு எழுதுங்க. பூனை முடி ஒத்துக்காத பொண்ணோட இவளைச் சேத்துப் போட்டுடக் கூடாதுன்னு பாக்கறாங்க போல. எவ்வளவு யோசிக்கறாங்க பாருங்க."

கடைசியில் மூன்று பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கட்டம். விருப்ப வரிசையை எண்ணால் குறிப்பிடவும். கண்ணாடிக்காரர் மூன்றையும் போனில் தேடிப் பார்த்தார். ஒன்று கடற்கரையில் இருந்தது. நூலக ஜன்னல் பூராவும் நீலம். அதற்கு எதிரில் அழகாக 1 என்று எழுதினார்.

"கடலா?" என்றாள் மனைவி. "அவளுக்கு நீச்சல் தெரியாது."

"படிக்கத்தானே போறா."

"அந்த நாட்டுத் தலைநகரத்துல இருக்கறதைப் போடுங்க. என் தங்கச்சி அங்கதானே இருக்கா. இப்பதான் போன் பண்ணினேன். அறையைக் காலி பண்ண ஆரம்பிச்சிட்டா. கட்டிலை ஆள் வச்சு வெளிய தூக்கியாச்சாம்."

தூக்கிய கட்டிலை மறுபடி உள்ளே வைக்கச் சொல்லும் துணிவு கண்ணாடிக்காரருக்கு இல்லை. 'ஒயிட்னர்' பூசி, கடலை மறைத்து, தலைநகரத்துக்கு 1 போட்டார். பூச்சு சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். படிவம் பறந்து பூனையின்மேல் விழுந்தது. எழுந்துபோன பூனையின் முதுகில் வெள்ளைக் கோடு. கட்டத்தில் பூனை முடி.

அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முடிக்கும்போது மணி நாலேகால். பேருந்தில் போனால் ஆகாது. மைத்துனரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மைத்துனர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் காரில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. கண்ணாடிக்காரர் முன்னால் உட்கார்ந்ததும் பயத்தில் தன் பக்கப் பிரேக்கை மிதிக்க, கார் தெருமுனை வரை குதித்துக் குதித்துப் போனது.

"மாமா, காலை எடுங்க. எந்தப் பல்கலைக்கழகம் முதல்ல?"

"தலைநகரம்."

"அங்க டிராஃபிக்ல செத்துடுவா. மலைமேல இருக்கற அந்த இன்னொண்ணைப் போடுங்க. எங்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவன் ஒருத்தன் அங்கதான் இருக்கான். என்மேல உயிரா இருப்பான். அவகிட்ட போன வாரமே சொன்னேன், தலையாட்டினா."

"எல்லாத்துக்கும் தலையாட்டுவாப்பா அவ."

"அப்ப நான் சொன்னா யாரும் கேக்க மாட்டீங்க" என்று மைத்துனர் காரை ஓரம் கட்டினார். மணி நாலே முக்கால்.

"மலைதான். மாத்திடறேன். வண்டிய எடு" என்றார் கண்ணாடிக்காரர் தாழ்ந்த குரலில்.

பின்சீட்டிலிருந்து மனைவி, "என்ன மாத்தறீங்க?" என்றாள்.

"கியரை."

கல்லூரி அலுவலகத்தில் தனியாகப் போய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் மனைவி வலப்பக்கமும் மைத்துனர் இடப்பக்கமும் வந்து நின்று, கவுண்டர்மேல் குனிந்தார்கள். இருவரும் தத்தம் கட்டத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. சுவர்க் கடிகாரம் ஐந்துக்கு மூன்று நிமிடம் என்றது.

தலைநகரத்தில் ஏற்கெனவே 1 இருந்தது. அதைத் தொடவில்லை. மலைக்கும் 1 போட்டார். மைத்துனர் நிமிர்ந்தார். கண்ணாடிக்காரர் கடலின் கட்டத்தைப் பார்த்தார். அந்த நீல ஜன்னல் கண்ணுக்குள் வந்தது. பூச்சின்மேல் அழுத்தி அதற்கும் 1 போட்டுவிட்டுப் படிவத்தைச் சட்டென்று உள்ளே தள்ளினார். எது கிடைக்கிறதோ கிடைக்கட்டும், பழி இடம் ஒதுக்கும் கம்ப்யூட்டரோடு போகட்டும்.

கவுண்டரில் இருந்த பெண் பக்கத்தைப் புரட்டினாள். மூக்கில் கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. திருகாணி தளர்ந்திருக்கிறது என்று கண்ணாடிக்காரர் கவனித்தார். வேறு நாளாக இருந்தால் வாங்கி முடுக்கியிருப்பார்.

"சார், மூணுக்குமே ஒண்ணு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"யோசிச்சுத்தான் போட்டீங்களா?"

"குடும்பமே யோசிச்சோம்."

அவள் எழுந்து நின்றாள். உள்ளே திரும்பி, "மேடம், இங்க கொஞ்சம் வந்து பாருங்க" என்றாள். உள்ளிருந்து வந்த அதிகாரி படிவத்தைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசா" என்று கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். படிவத்தில் முத்திரை விழுந்தது.

பெண்ணைப் பிரிந்திருக்கச் சம்மதிப்பதற்குத்தான் இந்த மரியாதை என்று கண்ணாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மனைவி கேட்டாள்.

"எங்க பொண்ணு என்னிக்குக் கிளம்பணும்மா? ஸ்வெட்டர் எல்லாம் வாங்கணும்."

"உங்க பொண்ணு படிவத்தைப் போன வாரமே குடுத்துட்டாங்களே" என்றாள் கவுண்டர் பெண், கண்ணாடியை மேலே தள்ளியபடி. "இது அங்கேருந்து நம்ம ஊருக்குப் படிக்க வர்ற பிள்ளைங்களை ஆறு மாசம் வீட்ல வச்சுப் பாத்துக்கறவங்க குடுக்கற படிவம். எல்லாரும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒண்ணு போட்டு ஒருத்தரைத்தான் கேப்பாங்க, நீங்க கேட்ட மூணு பேரும் ஞாயித்துக்கிழமை காலையில வந்துடுவாங்க."